கொடுவாவுக்குப் பேச்சு ஆகாது

மெஷின்காரருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் மேலெல்லாம் அவர் எரிந்து விழுந்ததில், கேட்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. தையல் மெஷின் ரிப்பேர்தான் பிழைப்பு. வேலை முடிந்து அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் சுவரும் அவரும்தான். தன் குரல் தனக்கே மறந்துவிடுமோ என்று சில நாள் பயம் வரும். அப்போது மெஷினைத் திட்டுவார். அதுவாவது எதிர்த்துப் பேசாது.

அவருக்கென்று இருந்தது ஆறு கடலில் சேரும் இடத்துப் பாறையும், அங்கே பக்கத்தில் தூண்டில் போடும் தொப்பிக்காரரும்தான். கொடுவா மீன் நாம் கூப்பிட்ட நேரத்துக்கா வரும்? ஏறிய தண்ணீர் அசையாமல் நின்று, பிறகு வடியத் தொடங்குமே, அந்தக் கொஞ்ச நேரம்தான். அதுவும் அமாவாசையை ஒட்டி. இரைக்கு உயிருள்ள இறால் வேண்டும். இறாலின் தலைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும்; முள் அதில் பட்டால் இறால் செத்தது. செத்ததைக் கொடுவா மோந்துகூடப் பார்க்காது. எல்லாவற்றுக்கும் மேலே, பேசக் கூடாது. செருப்புச் சத்தம் கேட்டாலே மகாராசன் திரும்பிப் போய்விடுவான்.

ஆகவே இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வந்தால் ஒரு தலையாட்டல், போனால் ஒரு தலையாட்டல். மெஷின்காரரின் இறால் தீர்ந்துவிட்டால் தொப்பிக்காரர் தன் வாளியைக் காலால் இந்தப் பக்கம் தள்ளுவார். பேர் தெரியாது, வீடு தெரியாது.

ஒரு அமாவாசைக்குத் தொப்பிக்காரர் வரவில்லை. சளி பிடித்திருக்கும் என்று மெஷின்காரர் மனதைத் தேற்றிக்கொண்டார். அடுத்ததற்கும் வரவில்லை. அன்றைக்கு மீன் இரையை இழுத்துக்கொண்டு போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஆள் இருக்கிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா? போயிருந்தாலும் தனக்குச் சொல்லியனுப்ப யாருக்குத் தோன்றும் என்று நினைத்ததும் தூண்டிலைச் சுருட்டினார்.

நேரே இறால் விற்கும் பெண்ணிடம் போனார்.

"தொப்பி போட்டுட்டு வருவாரே, அவரு வீடு எங்கன்னு தெரியுமாக்கா?"

"பக்கத்துலயே நிக்கிறது நீங்க, விசாரிக்கிறது என்கிட்டயா? நல்லா இருக்கு போங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு வழி சொன்னாள்.

கதவைத் திறந்தவள் தொப்பிக்காரரின் மனைவி.

"நான் வந்து... அந்தப் பாறையில..."

"பாறைக்கு வர்ற அண்ணனா! உள்ள வாங்கண்ணே. உங்களுக்கு எப்படிச் சொல்லியனுப்புறதுன்னே தெரியல."

தொப்பிக்காரர் கட்டிலில் கிடந்தார். தலையில் தொப்பி இல்லாததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை; முழு வழுக்கை.

"ஒரு பக்கம் விழுந்துடுச்சு. பேச்சும் போயிடுச்சு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பப் பாரு உங்க பேச்சுதாண்ணே. நீங்க அடிச்ச ஜோக்கையெல்லாம் இங்க வந்து சொல்லிச் சிரிப்பாரு. எங்க பொண்ணுக்கு இந்த மாப்பிள்ளையே முடிங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாமே!"

நானா? மெஷின்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலைப் பார்த்தார். தொப்பிக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். இமையோரம் ஈரம் கசிந்தது.

"உங்க பேத்திக்குக் காலு ஒடிஞ்சுதுன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. இப்ப நடக்குறாளாண்ணே?"

மெஷின்காரர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொப்பிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நடக்குறதா? ஓடுறாம்மா! பின்னாலயே ஓடி ஓடி அவ பாட்டிக்குத்தான் மூச்சு வாங்குது."