காலி செய்த குளம்

1. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த வாரத்தில், விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த குடும்பத்தின் பெரியவர் கீழறையில் தூக்கத்திலேயே இறந்துபோனார்.
2. உடலை எடுத்துச் சென்ற பிறகு வீடு கழுவப்பட்டது. வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் எல்லாம் கொட்டப்பட்டது.
3. நீச்சல் குளத்தையும் காலி செய்தார்கள்.
4. குளம் தரையை விட்டு எழுந்தது.

யாராவது கேட்டால் நான் இந்த வரிசையில்தான் சொல்வேன். முதல் மூன்றுக்கும் தலையாட்டுபவர்கள் நான்காவதில் நின்றுவிடுவார்கள். குளம் எப்படி எழும் என்று கேட்பார்கள். அதை விளக்கிச் சொல்வது எனக்குச் சுலபம். சிவில் பொறியியலில் பட்டயம் வாங்கியவள் நான். விளக்கி முடித்த பிறகும் எனக்குள் மிச்சமிருப்பது அந்த வீட்டில் காவலுக்கும் சமையலுக்கும் இருந்த அக்காவின் முகம். அவருக்கு நான் இதை முன்கூட்டியே விளக்கியிருந்தேன். அவருக்குப் புரிந்தும் இருந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டில் இருந்தது அந்த வீடு. சுற்றிலும் சவுக்குத் தோப்பு. வீட்டுக்காரர் சென்னையில் இருந்தார். நாங்கள் அவரை சார் என்போம். சனி, ஞாயிறுகளில் வாடகைக்கு விடும் இதுபோன்ற சில வீடுகளையும் அவற்றின் குளங்களையும் பராமரிப்பது என் வேலை. திருக்கழுக்குன்றத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். தண்ணீரின் காரத்தன்மை, குளோரின் அளவு, வடிகட்டியின் அழுத்தம், மோட்டாரின் சத்தம், ஓரத்துக் கற்களின் இடைவெளி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே குளத்தைச் சுற்றி வருவேன். அக்கா என் பின்னாலேயே வருவார். “இன்னாம்மா, டாக்டரு மாரி நாடி புட்ச்சிப் பாக்கற. சொரம் கிரம் அட்ச்சிகீதா?” என்பார். அவருடைய கேலி எல்லாம் என் படிப்பைச் சுற்றியே இருக்கும். என்னை ‘இன்ஜினியரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். நான் இன்ஜினியர் இல்லை, டிப்ளமோதான் என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். “வூட்ட வுழாம பாத்துக்கறவ இன்ஜினியரம்மாதான்” என்று முடித்துவிட்டார்.

அவருக்கு வீடு விழுவது என்றால் என்ன என்று தெரியும். பக்கத்து மீனவக் குப்பத்தில் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. கடல் அதை ஒரே நாளில் கொண்டுபோகவில்லை. முதலில் வாசல், பிறகு சமையலறைச் சுவர், அடுத்த மழையில் மீதி. அதன் பிறகுதான் அக்காவும் அவர் கணவரும் இந்த வேலைக்கு வந்தார்கள். அவரை நான் அண்ணன் என்பேன். குளத்தின் மோட்டார் அறையோடு சேர்த்துக் கட்டிய ஓர் அறையை அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் குளம். குளத்தின் விளிம்பும் அந்த அறையின் தளமும் ஒரே கான்கிரீட்டில் ஒன்றாகப் போடப்பட்டவை. செலவைக் குறைக்க மேஸ்திரி செய்த வேலை அது. அந்த அறைதான் அவர்களுடைய வீடு. வேலை போனால் அதுவும் போய்விடும். போக வேறு இடம் கிடையாது. இதை அக்கா வருத்தமாகச் சொன்னதே இல்லை. “கடலு சத்தம் கேட்டுத் தூங்கினவ, இப்போ மோட்டாரு சத்தம் கேட்டுத் தூங்கறேன். ரெண்டும் ஒண்ணுதான், இதுக்குக் கரண்டு பில்லு வருது” என்பார்.

பெரியவர் இறந்த மறுநாள் நான் போனபோது வீட்டின் கதவுகள், ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. தரை ஈரமாக இருந்தது. மஞ்சள் நீர் தெளித்த வாசனை. குடம், பக்கெட், ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில் என ஒன்றிலும் தண்ணீர் இல்லை. மேல் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு, அது முழுதும் வடியும் வரை அக்கா பக்கத்திலேயே நின்றிருக்கிறார். சாவு நடந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். அதில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் அவர் என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போய்க் குளத்தின் முன்னால் நிறுத்தினார்.

“இதும் வூட்டுத் தண்ணிதானம்மா” என்றார்.

இது தினமும் வடிகட்டிக்குள் போய்ச் சுத்தமாகி வருகிற தண்ணீர் என்றேன். “அதே தண்ணிதான சுத்திகினு வருது. வெளிய போவுதா?” என்றார். கிணறாக இருந்தால் காலி செய்யச் சொல்லியிருக்க மாட்டேன், அதில் ஊறி ஊறித் தானாகவே மாறிவிடும், இது நிற்கிற தண்ணீர் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இறப்பதற்கு முந்தின மாலை அந்தப் பெரியவர் குளத்தின் படியில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். “இதுல காலு வுட்டுகினு ஒக்காந்திருந்தாரும்மா. டீ கொண்டாந்து குட்த்தேன். இதுல மீனு வுடலாமான்னு கேட்டாரு. வுட்டா செத்துடும் நைனா, மருந்துத் தண்ணின்னேன். சிரிச்சாரு. வுடியறதுக்குள்ள அவரே இல்ல.”

நான் ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பினேன். காலி டம்ளரை அதில் நிமிர்த்தி அழுத்திக் காட்டினேன். கையை எடுத்ததும் அது மேலே வந்தது. இந்த மணலில் கோடையில் ஆளுயரத்துக்குத் தோண்டினால்தான் தண்ணீர். இப்போது முழங்கை ஆழத்திலேயே நிற்கிறது. குளம் மண்ணுக்குள் வைத்த ஒரு தொட்டி. உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. அதை இறைத்துவிட்டால், வெளியில் இருக்கும் தண்ணீர் அடியிலிருந்து தூக்கும். அழுத்தம் கூடும்போது தானாகத் திறந்துகொள்ள அடியில் ஒரு வால்வு வைப்பார்கள். நான் வேலைக்கு வருவதற்கு முன்பே, புது டைல்ஸ் பதித்தவர்கள் அதை மூடிப் பூசிவிட்டார்கள். அதைத் திறந்து தரும்படி சாரிடம் சொல்லியிருந்தேன். கோடையில் பார்க்கலாம் என்றிருந்தார்.

அண்ணன் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “போட்டு மாரின்னு சொல்றியா?” என்றார். ஆமாம், படகு மாதிரி என்றேன். “அப்போ நங்கூரம் போட்டுக் கட்டிடலாம்” என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “நீ சொல்றது சரியாத்தாம்மா இருக்கும்” என்றார். “ஆனா நீ வண்டி எட்த்துகினு வூட்டுக்குப் பூடுவ. அந்தத் தண்ணி பக்கத்துல நாங்கதான படுக்கறோம்.”

ஒரு வழி மட்டும் இருந்தது. மூன்றில் ஒரு பங்கை இறைப்பது, உடனே புதுத் தண்ணீர் விடுவது, மறுபடி ஒரு பங்கு. மூன்று நான்கு முறை செய்தால் பழைய தண்ணீரில் பெரும்பகுதி போய்விடும், குளமும் எந்த நேரத்திலும் காலியாக இருக்காது. சாரிடம் போனில் சொன்னேன். சரியென்றார். அக்காவிடம் சொன்னபோது, “பாதித் துணிய நனச்சிப் பாதித் துணியத் தொவைக்கற மாரி கீது” என்றார். ஆனாலும் தலையாட்டினார். முதல் பங்கை என் கண்ணெதிரே இறைத்து, புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

நான் போன பிறகு நடந்ததைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த வார இறுதிக்கு வீட்டைப் பதிவு செய்திருந்தவர்களுக்குச் சாவுச் செய்தி எட்டிவிட்டது. குளத்துத் தண்ணீரை மாற்றிவிட்டீர்களா என்று சாரின் மனைவியைக் கேட்டிருக்கிறார்கள். அவரும் அக்காவும் போனில் பேசியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி வளர்ந்தவர்கள்; ஒருவருக்கொருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியில் சார் அண்ணனைக் கூப்பிட்டு, “முழுசா எறைச்சிடுப்பா, ஒரு நாள்ல என்ன ஆயிடப்போவுது” என்றிருக்கிறார்.

மறுநாள் காலை நான் வரும்போது தூறிக்கொண்டிருந்தது. சாலையில் பாதி தூரத்துக்குத் தண்ணீர். குளத்திலிருந்து சவுக்குத் தோப்பு வரை இறைக்கும் குழாய் நீண்டு கிடந்தது. குளத்தில் தண்ணீர் இல்லை. அத்தனை நாள் தண்ணீருக்கு அடியிலேயே பார்த்த நீல டைல்ஸ் வெளியில் கிடந்தபோது அந்த இடமே வேறாக இருந்தது. ஆழமான பக்கத்தில் அண்ணன் குனிந்து பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில், டைல்ஸின் இணைப்புகளில், தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்துகொண்டிருந்தது. அது மேலிருந்து விழுந்த மழைத் தண்ணீர் இல்லை.

“பாரும்மா” என்றார். “கெணறு வெட்டாமயே ஊத்து.”

“மேல வாங்கண்ணா” என்றேன்.

“இன்னும் ஒரு மூலதான் கீது.”

“அப்படியே போட்டுட்டு வாங்க.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். நான் செய்யக்கூடியவை மூன்று. தண்ணீர் லாரி, கூப்பிட்டேன், கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வர முடியாது என்றார்கள். போர் மோட்டார், மழையில் கரண்ட் போயிருந்தது. மூன்றாவது, குளத்தின் அடியைக் கடப்பாரையால் உடைத்து, வெளித் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவது. குளம் பாழாகும். ஆனால் எழாது. அதற்கு சாரின் அனுமதி வேண்டும், போன் செய்தேன். “போன வருஷம்தாம்மா டைல்ஸ் போட்டேன்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. தன் கண்ணால் பார்க்காத ஒன்றுக்காக, பார்த்துப் பார்த்துக் கட்டியதை உடைக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் நேரில் வந்து பார்க்கிறேன், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் தோட்டக் கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்துவரச் சொல்லி அண்ணனுக்குக் கை காட்டினேன். அவர் எடுத்து வந்துவிட்டார். நான் இன்னும் போனில்தான் இருந்தேன்.

முதலில் ஒரு டைல் வெடித்தது. சின்னச் சத்தம்தான், அப்பளம் நொறுங்குவது போல. பிறகு நான்கைந்து. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அந்த அமைதியில் ஓரத்துக் கற்களுக்கும் தரைக்கும் இடையில் இருந்த கோடு அகலமாவதைப் பார்த்தேன். விரல் நுழையும் அளவு. பிறகு கை நுழையும் அளவு. எதுவும் அதிரவில்லை, புழுதி பறக்கவில்லை. பக்கத்தில் நிற்கிற பஸ் மெல்ல நகரத் தொடங்கும்போது நகர்வது நாமா அந்தப் பஸ்ஸா என்று தெரியாமல் போகுமே, அப்படி இருந்தது. மோட்டார் அறைக்குள் குழாய் முறியும் சத்தம் கேட்டபோதுதான், அக்கா எங்கே என்று நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் நினைத்தோம்.

அறைக்குள் சோறு வடித்துக்கொண்டிருந்தார். சுவரில் மேலிருந்து கீழாக விரிசல் இறங்கியிருந்தது. கதவின் சட்டம் கோணிக்கொண்டதில் கதவு இறுகிவிட்டது. உள்ளிருந்து தள்ளினார், அசையவில்லை. “இன்னாய்யா கதவ புட்ச்சிகினு கீற, வெளையாடறியா?” என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. அண்ணன் கடப்பாரையைச் சட்டத்தின் இடுக்கில் செருகி நெம்பினார். இரண்டாவது நெம்பலில் கதவு பிய்ந்து வந்தது. அக்கா கையில் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். அறையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குளத்தைப் பார்த்தார். ஆழமான பக்கத்து விளிம்பு அவர் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

“தூக்கிச்சா?” என்றார்.

“தூக்கிடுச்சிக்கா.”

அவர் என் மீது கோபப்பட்டிருக்கலாம், தன் மீதே கோபப்பட்டிருக்கலாம். இரண்டும் இல்லை. கரண்டியை மழையில் நீட்டிக் கழுவினார். அடுப்பை அணைத்தேனா என்று தெரியவில்லை என்றார். அண்ணன் உள்ளே போய் அணைத்துவிட்டு வந்தார்.

அந்தச் சாவுக்குப் பின் அந்தத் தண்ணீரோடு அவரால் ஓர் இரவுகூடத் தூங்கியிருக்க முடியாது என்பதை இப்போது முழுதாக நம்புகிறேன். நான் சொன்ன கணக்கு சரி. அவர் சொன்னதும் சரி. இரண்டும் சரியாக இருந்தும் ஓர் அறை போய்விட்டது. மற்ற வீடுகளின் குளங்களை இன்றும் சுற்றி வருகிறேன். ஐப்பசி பிறந்தால் அடிவால்வுகளை முதலில் பார்க்கிறேன். யாராவது வயதானவர் படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் விட்டிருப்பதைக் கண்டால் ஒரு நொடி நின்றுவிடுகிறேன். இதற்குக் காரணம் சொல்லும் பாடம் எதுவும் நான் படித்ததில் இல்லை.

இப்போதைய நிலை இது. அந்த வீடு பூட்டியிருக்கிறது. விற்பனைக்கு என்று பலகை வைத்திருக்கிறார்கள், வாங்க யாரும் வரவில்லை. குளத்தை இடிக்க வேண்டும், இன்னும் இடிக்கவில்லை. அக்காவும் அண்ணனும் திருப்போரூர்ப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் காவலுக்கு இருக்கிறார்கள். தகரக் கூரை போட்ட ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். மனைகள் விற்று முடியும் வரை அங்கே இருக்கலாம். பாதிக்கு மேல் விற்றுப்போய்விட்டன.