மருந்து குடிக்காத காகங்கள்

யுத்த காலத்தில், திருகோணமலை நகரத்தில் இருபது கட்டில்கள் மட்டுமே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஆய்வுகூடப் பரிசோதகராக வேலை செய்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. லிங்கநகரிலிருந்து சைக்கிளில் போவேன். வழியில் இரண்டு சோதனைச்சாவடிகள். அப்படியிருந்தும் ஏழரை மணிக்கு நுணுக்குக்காட்டியின் உறையைக் கழற்றிவிடுவேன். என் வேலையை நன்றாகச் செய்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

புண்ணிலிருந்து எடுத்த சீழைத் தட்டில் பூசிக் கிருமியை வளர்த்து, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலையில் முக்கியமானது. தட்டில் ஊற்றும் களிக்கான பொடி கொழும்பிலிருந்து மாதக்கணக்கில் வராது. நான் கடைத்தெருவுக்குப் போய், இனிப்புக் காய்ச்ச விற்கும் கடற்பாசியை வாங்கி இறைச்சிச் சாற்றில் காய்ச்சினேன். முதல் இரண்டு தடவை இறுகவில்லை. மூன்றாம் தடவை இறுகியது. கந்தோரில் கடதாசி துளைக்கும் கருவியால் வெட்டிய கடதாசிப் பொட்டுகளை ஒவ்வொரு மருந்திலும் ஊறவைத்துத் தட்டில் வைப்பேன். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவான வட்டம் ஒன்று விழும். கேட்காவிட்டால் கிருமி பொட்டின் விளிம்புவரை வளர்ந்து நிற்கும்.

அன்புவழிபுரத்திலிருந்து வந்த ஓர் இளம் தாய்க்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தார்கள். பிள்ளை நன்றாக இருந்தது. தாயின் காயம் ஆறவில்லை. டொக்டர் முதலில் ஒரு மருந்து கொடுத்தார், பிறகு இன்னொன்று. காய்ச்சல் விடவில்லை. காயத்தின் சீழ் என்னிடம் வந்தது. ஐந்து பொட்டுகள் வைத்தேன். நான்கைச் சுற்றி வட்டமே இல்லை. ஐந்தாவதில் மட்டும் நல்ல வட்டம். அந்த ஊசி மருந்தைத் தேடிப்பிடித்துப் போட்டார்கள். நான்காம் நாள் அவள் எழுந்திருந்து கஞ்சி குடித்தாள்.

அடுத்த கிழமை இன்னும் இரண்டு பேரின் காயத்திலும் அதே கிருமி, அதே நான்கு மருந்துக்கும் கேட்காதது. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது காயம் கழுவிய தண்ணீர். அதைக் கொதிக்கவைக்க வேண்டும் என்பது விதி. மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் விதி தளர்ந்துவிட்டது. குழாய்த் தண்ணீரை வளர்த்துப் பார்த்தேன். அதே கிருமி. ஏணி வைத்துக் கூரைத் தொட்டியைப் பார்த்தேன். குண்டு வெடித்த அதிர்வில் மூடி பிளந்து பாதி விழுந்திருந்தது. உள்ளே இரண்டு காகங்கள் குளித்துக்கொண்டிருந்தன. விளிம்பு முழுக்க எச்சம்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் காகங்கள் அடையும் வாகை மரத்தின் கீழே எச்சம் எடுக்க எனக்கு உதவியவர் நோயாளர் வாட்டைக் கூட்டித் துடைக்கும் அக்கா. சனிக்கிழமை விரதத்துக்குக் காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் அவர் சாப்பிடுவார்.

"மிஸ், காகத்தை என்ன செய்யப் போறீங்கள்?"

"ஒண்டும் செய்யமாட்டன் அக்கா. எச்சம் மட்டும் போதும்."

எச்சத்திலிருந்து வளர்த்த தட்டுகளை டொக்டரின் மேசையில் வைத்தேன். நான்கு பொட்டுகளைச் சுற்றியும் வட்டம் இல்லை. அவர் சிரித்தார்.

"என்ன மிஸ், காகம் பாமசிக்குப் போய் மருந்து வாங்கினதோ?"

"இல்லை டொக்டர். எங்கட குப்பைக் குழியிலதான் வாங்கினது."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் திறந்த குழி இருந்தது. சீழ்த்துணி, மிச்சச் சாப்பாடு, பாதி குடித்துவிட்டு எறிந்த மருந்துக் குளிசை எல்லாம் அங்கேதான் போகும். காகங்கள் நாள் முழுக்க அதில் கிண்டும்.

"எல்லாக் காகத்திலும் இப்பிடித்தான் இருக்குமோ என்னவோ. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அவர்.

நியாயமான கேள்வி. ஆகவே நகரத்துக்கு வெளியே, மீன் காயப்போடும் ஒரு கரைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். அங்கே காகங்கள் மீன் குடலைத் தின்று வாழ்ந்தன. பன்னிரண்டு சின்னப் போத்தல்களில் எச்சம் எடுத்து, பஞ்சடைத்து, பிஸ்கற் தகரத்தில் அடுக்கினேன்.

திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் தகரத்தைத் திறந்தான். வரிசையாகப் போத்தல்கள், வாயில் பஞ்சு. அவன் துவக்கைச் சரிசெய்து ஓர் அடி பின்வாங்கினான். சிங்களத்தில் என்னவென்று கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோனது. அடையாள அட்டையை மட்டும் நீட்டினேன்.

அக்கா முன்னுக்கு வந்தார். "கபுட்டு பெட்டி, மாத்தயா," என்றார்.

அவர் காகப் பெட்டி என்று தமிழையும் சிங்களத்தையும் கலந்து உளறுகிறார் என்றுதான் நினைத்தேன். சிப்பாய் குனிந்து மணந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு சிரிப்பை அடக்க ஏலாமல் மற்றச் சிப்பாய்களைக் கூப்பிட்டுக் காட்டினான். போகச் சொல்லிவிட்டான். பஸ்ஸில் ஏறிய பிறகு அக்கா சொன்னார்: "மிஸ், சிங்களத்தில பெட்டி எண்டது எச்சத்துக்குச் சொல்லுற சொல்லு. உள்ளதைத்தானே சொன்னனான்."

அந்தக் கரையின் பன்னிரண்டு தட்டுகளில் பதினொன்றில் எல்லாப் பொட்டுகளைச் சுற்றியும் வட்டம் விழுந்திருந்தது. ஒன்றில் இரண்டு மருந்துக்கு விழவில்லை. அதையும் மறைக்காமல் மேசையில் வைத்தேன். டொக்டர் மாறி மாறிப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"சரி. குழிப்பக்கம் நஞ்சு வைப்பம். காகம் எல்லாம் முடியட்டும்."

"ஏலாது டொக்டர்," என்றேன். அவரிடம் அந்தச் சொல்லை அதற்கு முன் நான் சொன்னதில்லை. "இந்தக் காகம் செத்தால் வேற காகம் வரும். அதுகள் ஒரு குளிசையும் கேட்டு வாங்கேல்லை. குடுத்தது நாங்கள். குழியையும் தொட்டியையும் மூடுங்கோ. காய்ச்சல் எண்டு வாற எல்லாருக்கும் உந்தக் குளிசையை எழுதாதேங்கோ. சீழை முதல்ல எனக்கு அனுப்புங்கோ."

அவர் கரைத் தட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீங்கள் சொன்னபடியே செய்வம்," என்றார் டொக்டர்.

கப்பல் துறையில் பழைய இரும்பு விற்ற ஒருவரிடம் தகரத்தகடு வாங்கித் தொட்டிக்கு மூடி அடித்தோம். குழியின் மேல் கம்பிவலை போட்டு, ஒவ்வொரு பின்னேரமும் எரித்து மண் போட்டோம். தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டேன். தண்ணீர் கொதிக்கும்வரை யாரும் காயம் கழுவக் கூடாது என்று டொக்டரே எழுதிக் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டினார். முதல் மாதம் இன்னும் ஒருவருக்கு அந்தக் கிருமி வந்தது. அதற்குப் பிறகு வாட்டில் அதை நான் காணவில்லை.

ஒரு வருடம் கழித்து, யாரும் கேட்காமலே, வாகை மரத்தின் கீழே மறுபடி எச்சம் எடுத்து வளர்த்தேன். வாட்டில் மறைந்த கிருமி காகங்களில் இன்னும் இருந்தது. பாதித் தட்டுகளில் வட்டம் இல்லை. எல்லாவற்றையும் எழுதி, கொழும்பில் இதற்குப் பொறுப்பானவர்களுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. சண்டை நடக்கும் ஊரின் காக எச்சத்தைப் பற்றி எழுதிய கடிதத்தை யார் வாசிப்பார்கள் என்று டொக்டர் கேட்டார். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் தட்டில் இருந்தது இருந்ததுதான் என்றேன். அடுத்த நாளிலிருந்து ஒரு கொப்பியை அதற்கென்றே ஒதுக்கி, மாதம் ஒரு தடவை காக எச்சத்தில் கண்டதைப் பதியத் தொடங்கினேன்.