முடிவை நீங்க சொல்லுங்க... நாங்க அப்புறம் சொல்றோம்!

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த தெரிந்த டீச்சரம்மா மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். "உங்க தம்பி பொண்ணுக்கு அமெரிக்காவுல சீட்டு கேன்சலாமே... பாவம்."

கேன்சலும் இல்லை, பாவமும் இல்லை. ஆனால் மார்க்கெட்டில் நின்று விளக்கும் அளவுக்குச் சின்ன விஷயமும் இல்லை. அவருக்கும், அவரிடம் சொன்னவருக்கும், இனி அவர் சொல்லப்போகிறவர்களுக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி சரவணனுக்குச் சிதம்பரத்தில் ஹார்டுவேர் கடை. ஒரே மகள் கயல், இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்தவள். அவளுக்கு நண்டுப் பைத்தியம். சாப்பிட அல்ல... பார்க்க. பிச்சாவரம் சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு நண்டு வளையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடல் உயிரியல் படிக்க வேண்டும், அதுவும் அமெரிக்காவில் என்றாள்.

"நண்டப் படிக்க அமெரிக்காவா? நம்ம பிச்சாவரத்துல இல்லாத நண்டா?" என்றுதான் தம்பி முதலில் கேட்டான். அப்புறம் ஒரு கல்யாண வீட்டில், சொந்தக்காரர்கள் நடுவே 'அமெரிக்கா' என்று சும்மா சொல்லிப் பார்த்தான். கிடைத்த மரியாதை பிடித்துப்போயிற்று. அடுத்த வாரமே செம்மண்டலத்தில், எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகர் முன்னால் அப்பாவும் மகளும் ஆஜர். துணைக்கு நான்.

கடலூர் வெயிலிலும் டை கட்டியிருந்த அந்த ஆலோசகர்தான் 'ஏர்லி டிசிஷன்' என்ற மந்திரத்தை உபதேசித்தார். அதாவது, நீங்கள் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லோருக்கும் முன்னதாக நவம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். சீட் கொடுத்தால் அங்கேதான் சேருவேன், வேறு எங்கேயும் போக மாட்டேன் என்று உறுதி தர வேண்டும். மாணவி கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து, பள்ளியின் கையெழுத்து.

சரி, பல்கலைக்கழகம் பதிலுக்கு என்ன உறுதி தரும்? கேட்டேன். ஆலோசகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அடுத்து கட்டுரை. மாணவி தன்னைப் பற்றி எழுத வேண்டுமாம். அதில் கஷ்டம் இருந்தால் நல்லதாம். எங்கள் வீட்டில் கஷ்டம் போதவில்லை என்று தெரிந்ததும் தம்பிக்கு அவமானமாகிவிட்டது. புயலடித்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்ததை எழுதச் சொன்னான். அப்போது வீட்டில் இன்வெர்ட்டர் ஓடியதைக் கயல் நினைவூட்டினாள். கடைசியில், அவள் பாத்ரூம் வாளியில் வளர்த்த நண்டை அம்மா அலறியடித்து வாய்க்காலில் விட்ட கதையை எழுதினாள். கஷ்டம்தான்... நண்டுக்கு!

உண்மையான சிக்கல் அதற்கப்புறம் வந்தது. எந்தப் பல்கலைக்கழகம்? தம்பி உலகமே அறிந்த ஒரு பெயரைச் சொன்னான். ஜோசியர், பேங்க் மேனேஜர், கடைக்கு சிமென்ட் இறக்க வந்த லாரி டிரைவர் என்று எல்லோரிடமும் கருத்துக் கேட்டு எடுத்த முடிவு. கயலிடம் மட்டும் கேட்க நேரம் கிடைக்கவில்லை. அவள் வேறொன்றைச் சொன்னாள். குளிர்க் கடலோரத்தில், சின்ன ஊரில் இருப்பது.

"அந்தப் பேரு யாருக்குமே தெரியாதும்மா" என்றான்.

"யாருக்குப்பா தெரியணும்?"

ஆலோசகர் டையைச் சரிசெய்துகொண்டார். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. கயல் குரலை உயர்த்தவில்லை. "தாத்தா உங்கள காடாம்புலியூர்லயே முந்திரித் தோப்பப் பாத்துக்கச் சொன்னாரு. நீங்க சிதம்பரம் வந்து கடை போட்டீங்க. அப்ப யாரக் கேட்டீங்க?"

தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அவன் தெருவில் நடந்துகொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்தோம். கயலின் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன. திரும்பி வந்தவன் உட்காராமலே சொன்னான்: "யாரையும் கேக்கல. போடு... நீ சொல்றதையே போடு."

டிசம்பரில் ஒரு காலை முடிவு வந்தது. 'டிஃபர்'. அதாவது சேர்க்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. மற்றவர்களோடு சேர்த்து வசந்த காலத்தில் பார்த்துச் சொல்கிறார்களாம்!

புரிகிறதா? சீக்கிரம் முடிவெடு என்று பதினேழு வயதுப் பெண்ணை உலுக்கியவர்களுக்கு, முடிவெடுக்க நேரம் போதவில்லை. இது ரொம்ப பாசிட்டிவ் என்று ஆலோசகர் போனில் வாழ்த்தினார்.

கயல் அன்று டியூஷனுக்குப் போனாள். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் என்று தம்பி மனைவி சொன்னாள். தம்பி பாவம், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் முன்கூட்டியே பீற்றிக்கொண்டவன். ஆணி வாங்க வந்தவர்கூட, "எப்ப ஃபிளைட்டு?" என்றாராம். "வெயிட்டிங் லிஸ்ட்டு" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான். அதுதான் ஊர்வாயில் புகுந்து 'கேன்சல்' ஆகி, டீச்சரம்மா வரை வந்திருக்கிறது.

ஒத்திப்போட்டதில் ஒரு நன்மை இருந்தது. கொடுத்த வாக்கு செல்லாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கயல் வேறு சில இடங்களுக்கும் விண்ணப்பித்தாள். மார்ச் கடைசியில் இன்னொரு பல்கலைக்கழகம் கூப்பிட்டது. சில நாட்களில், நமது பழைய 'அப்புறம் சொல்றோம்' பார்ட்டியும் மனமிரங்கி வரவேற்றது.

இப்போது பதில் சொல்ல வேண்டியவள் கயல். ஏப்ரல் முழுக்கச் சொல்லவில்லை. இரண்டு இடங்களிலும் படிக்கும் பிள்ளைகளிடம் பேசினாள், பேராசிரியர்களுக்கு மெயில் எழுதினாள். தம்பி தினமும் எனக்குப் போன் செய்து, "ரெண்டு சீட்டும் போயிடப் போவுதுக்கா, டென்ஷன் ஜாஸ்தியாவுது" என்று புலம்பினான். கெடு முடியும் நேரத்தில், இரண்டாவதாகக் கூப்பிட்ட அந்தப் பழைய பார்ட்டியையே தேர்ந்தெடுத்தாள். அங்கே முதல் வருஷத்திலேயே சேற்றில் இறங்க விடுவார்களாம்.

ஆகஸ்ட்டில் கிளம்புகிறாள். நேற்று வீட்டுக்கு வந்த தம்பி காபியை ஆற்றியபடி, அவசரமாக எடுத்தால் ஏர்லி டிசிஷன், இப்படி நிதானமாக எடுத்தால் அதற்கு என்ன பேர் என்று கேட்டான்.

அதுக்குப் பேரு... வெறும் முடிவுதான்டா, தம்பி!