பால் பொங்கக் காத்திருந்த நேரம்

போன வியாழக்கிழமை வீடு மாறினோம்.  

சிட்னியில் எல்லோரும் சனிக்கிழமைதான் வீடு மாறுவார்கள். லீவு நாள். உதவிக்கு ஆள் கிடைக்கும். ஆனால் சனிக்கிழமையில் நாங்கள் குடிபோவோமா? என் கணவர் வேலைக்கு லீவு போட்டார். “வீடு மாற ஏன் வியாழக்கிழமை?” என்று அவருடைய மேலதிகாரி கேட்டாராம். அதை விளக்கும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் போதவில்லை.

இந்த வருஷம் எங்களுக்கு மாறாமல் இருந்தது எது? அவருக்கு வெஸ்ட்மீட் பக்கத்தில் புது வேலை. மகளுக்கு அடுத்த கிழமை புதுப் பள்ளிக்கூடம். தெருவில் மைல் பலகைகள்கூடக் கிலோமீட்டர் பலகைகளாகிவிட்டன. இத்தனைக்கும் நடுவில் புது வீட்டில் பால் காய்ச்சுவதாவது முறைப்படி நடக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

காலையில் நல்ல நேரம் இருந்தது. லொறி பிந்தியதில் அது போயிற்று. அதன் பிறகு ராகு காலம் — மூன்று மணிக்குத்தான் முடியும். மூன்று மணி தாண்டியதும் பழைய வீட்டுப் பக்கம் மகளின் பள்ளி விட்டுவிடும். வதனிக்கு எட்டு வயது. “கேற்றடியில நில்லு, அப்பா காரில வருவார்” என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தேன்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் வெளிக்கிடுங்கோ. நான் தனியக் காய்ச்சுறன்.”

“சும்மா இரும். ரெண்டு பேரும் நிண்டு காய்ச்சினால்தான் சரி. அஞ்சு நிமிஷ அலுவல். பிள்ளை கொஞ்சம் நிப்பாள்.”

புதுக் குசினியில் மின்சார அடுப்பு. முன்பக்கத்துச் சூட்டுத் தட்டில் பால் பானையை வைத்தேன், அவர் குமிழைத் திருகினார். இருவரும் கைகட்டி நின்றோம். பால் அசையவில்லை. விரல் வைத்துப் பார்த்தேன் — பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. பின்பக்கத்துத் தட்டோ வெறுமனே சிவந்துகொண்டிருந்தது.

“நீங்கள் எஞ்சினியர்தானே?”

“பாலம் கட்டுற எஞ்சினியரப்பா.”

பானையைத் தூக்கிச் சூடான தட்டில் வைத்திருக்கலாம். படித்த இருவருக்கும் அது தோன்றவில்லை. அந்தக் குமிழை அணைத்து, சரியான குமிழைத் தேடித் திருகி, மறுபடியும் காத்திருந்தோம். தற்செயலாக மணிக்கூட்டைப் பார்த்தேன்... பள்ளி விட்டு வெகுநேரம். இருவரும் காருக்கு ஓடினோம்.

பள்ளிக்கூடக் கேற்றடியில் யாரும் இல்லை. முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர், பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள் என்றார். வதனி எப்படி இருப்பாள் என்று கையால் உயரம் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். காணவில்லை.

பிள்ளையைக் காணவில்லை என்ற சொல்லை அதுவரை பேப்பரில்தான் வாசித்திருக்கிறேன்.

“பழைய வீட்டுக்கு நடந்திருப்பாளோ?” என்றார் என் கணவர்.

“அங்கை ஆர் இருக்கினம்? வீடு வெறுமையாக் கிடக்கு.”

போய்ப் பார்த்தால் வெறுமையாக இல்லை. வாசலில் வேறொரு லொறி நின்றது. இரண்டு பேர் கட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. வாசற்படியில் சிவப்பாக ஏதோ சிந்திக் கிடந்தது. உள்ளே பார்த்தால் — கதிரையில் உட்கார்ந்தபடி வதனி. அவளுடைய வெள்ளைக் காலுறை முழுக்க அதே சிவப்பு.

உள்ளே ஓடி அவள் காலைப் பிடித்துப் பார்த்தேன்.

“அம்மா, அது மாதுளம்பழம்” என்றாள் வதனி, வாயில் கரண்டியோடு.

அன்று பழைய வீட்டுக்குக் குடிவந்தவர்கள் ஒரு கிரேக்கக் குடும்பம். அந்த அம்மாவின் பெயர் மரியா. புது வீட்டு வாசலில் மாதுளம்பழத்தை எறிந்து உடைப்பது அவர்கள் வழக்கமாம். அதன்பின் ராசியான ஒருவர் முதலில் வலது காலை வைத்து உள்ளே வர வேண்டுமாம். யாரை அழைக்கலாம் என்று மரியா யோசித்து நின்ற நேரத்தில், புத்தகப் பையோடு, அழுதபடி, எங்கள் மகள் வந்து நின்றிருக்கிறாள்.

“வலது காலை வைச்சு வரச் சொன்னா. ‘ஐ நோ’ எண்டு சொன்னன்” என்றாள் வதனி பெருமையாக.

மரியாவுக்கு ஆங்கிலம் அதிகம் இல்லை. அவருடைய கணவர்தான் மொழிபெயர்த்தார். அழுதுகொண்டு வந்த பிள்ளையைச் சிரிக்க வைக்காமல் அனுப்பினால் வீட்டுக்கு ஆகாதாம். அதற்காக மரியா பெட்டி பெட்டியாகப் பிரித்து, பழப்பாகுப் போத்தலைத் தேடி எடுத்திருக்கிறார். கட்டிலுக்கும் முந்தி, அடுப்புக்கும் முந்தி அந்த வீட்டில் பிரிக்கப்பட்டது என் பிள்ளைக்கான இனிப்புத்தான்.

கிரேக்கத்தில் நன்றியை எப்படிச் சொல்வது? தெரியாது. மரியாவின் கையைப் பிடித்தேன், விடவில்லை. அவர் மறு கையால் எனக்கும் ஒரு கரண்டி பாகு ஊட்டிவிட்டார். வீடு மாறுகிறவளின் பதற்றம் வீடு மாறுகிறவளுக்குத்தான் புரியும் போலிருக்கிறது. நல்ல நேரம் பார்த்து நான் அங்கே அடுப்படியில் நின்றேன்... என் பிள்ளையின் நல்ல நேரத்தை இங்கே ஒரு முன்பின் தெரியாத பெண் பார்த்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பாதித் தூரத்தில்தான் ஞாபகம் வந்தது. “இஞ்சாருங்கோ... அடுப்பு.”

அவர் காரை விரட்டினார். 

கடவுளே என்று வீடு எரியவில்லை. குசினி முழுக்கப் புகை மணம். பானை கரி. பால் பொங்கி வழிந்து, அடுப்பின் முன்பக்கமெல்லாம் இறங்கிக் காய்ந்து கிடந்தது. அவர் அணைத்துவிட்டு யன்னலைத் திறந்தார்.

“பொங்கிட்டுதுதானே. ஆரும் பாக்காட்டில் என்ன?”

திரும்பிப் பார்த்தேன். வதனி வாசலுக்கு வெளியே சிவப்புக் காலுறையோடு அப்படியே நின்றாள். “அம்மா, இஞ்சையும் வலது காலா?”

“எந்தக் காலெண்டாலும் பரவாயில்லை பிள்ளை... நீ உள்ளுக்கு வா.”