உங்கள் பெயர் செல்லாது

இங்கே என்னை எல்லோரும் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஹாலந்துக்கு வந்த புதிதில், பல் மருத்துவமனையில் நர்ஸ் "மெஃப்ராவ் முனியப்பா", அதாவது திருமதி முனியப்பா, என்று அழைத்ததும் அப்பாதான் வந்துவிட்டாரோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அவர் பெயரைப் போட்டிருந்தேன். ஊரில் லட்சுமியாக இருந்தவள் இங்கே முனியப்பாவாகிவிட்டேன்.

துலிப் பூக்கிழங்குகள் விற்கும் ஒரு கம்பெனியில் வேலை. வாடிக்கையாளர்கள் இன்டர்நெட்டிலேயே ஆர்டர் கொடுக்க ஒரு பக்கம் வேண்டும் என்றார் என் மேலதிகாரி ஹென்க். பர்கூரில் இன்ஜினியரிங் படித்தபோது ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரையே நான் கேட்டதில்லை. தடித்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தொடங்கினேன். பொத்தானை அமுக்கினால் திரையில் ஒரு சின்னப் பெட்டி துள்ளி வந்து வணக்கம் சொல்லும். அதுதான் நான் எழுதிய முதல் புரோகிராம். அதே பெட்டியை ஆர்டர் பக்கத்திலும் வைத்தேன். குடும்பப் பெயர் ஒற்றை எழுத்தாக இருந்தாலோ, காலியாக விட்டாலோ, அது வந்து தடுக்கும். அதை எழுதி முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையில் அப்பாவையும் பார்க்கச் சொன்னேன். எங்களுக்கு ஊர் ஓசூர் பக்கம் ஜூஜுவாடி. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பாதான் முதலில் ஓசூரில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகடு அமுக்கும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலத்தில் எழுத்துகள் மட்டும் தெரியும், பார்ட் நம்பர் படித்த பழக்கம். ஷிப்ட் முடிந்து கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தார். நான் அங்கே போன் செய்தேன்.

"பாப்பா, பேரு போட்டேன். ரெண்டாவது கட்டத்துல இனிஷியல் 'கே' போட்டேன். டங்குனு ஒண்ணு வந்து நிக்குது. என்னான்னு சென்டர்காரருக்கும் தெரியல."

"எழுத்து எழுத்தா படிங்கப்பா."

"யூ, டபிள்யூ... அப்பறம் என், ஏ, ஏ, எம்..."

அதற்குமேல் அவர் படிக்க வேண்டியிருக்கவில்லை. நான் டச்சில் எழுதிய வாக்கியம் அது: உங்கள் பெயர் செல்லாது.

பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஏம்ப்பா முனியப்பா, பொண்ணு கடையில உனக்கே எடமில்லையா?"

"என்னம்மா போட்டிருக்குது?" என்றார் அப்பா.

"லைன் சரியில்லப்பா."

"இல்ல பாப்பா, நாந்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதில்ல?"

போனை வைத்த பிறகும் முகம் எரிந்தது. இனிஷியலோடு வளர்ந்தவள் நான். இங்கே வந்து சில மாதங்களில், பெயர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இவர்களைப் போலவே நினைக்கப் பழகிவிட்டேன். அப்பாவோ அத்தனை பேர் முன்னால் பழியைத் தன் விரல்மேல் போட்டுக்கொண்டார்.

ஹென்க்கிடம் போய், எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அந்தச் சோதனையை எடுத்துவிடலாமா என்று என் அரைகுறை டச்சில் கேட்டேன். எனக்குக் குடும்பமே கிடையாது என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. முகம் வாடி, ஒரு காபி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அப்பா இருக்கிறார், அவர் பெயரைத்தான் நம் ஆர்டர் பக்கம் வாங்க மறுக்கிறது என்று மறுபடி சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "எடுத்துவிடு" என்றார். எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தச் சுலபம்தான் இன்னும் கூசவைத்தது.

மறுபடி போகச் சொன்னேன். இம்முறை அப்பா தனியாகப் போயிருந்தார்.

"பாப்பா, டங்குனு வரல. வேற என்னமோ வந்திருக்குது. எச், ஏ, ஆர், டி..."

"நன்றின்னு அர்த்தம்ப்பா. ரொம்ப நன்றின்னு."

"யாரு சொல்றாங்க, கம்பெனியா?"

"நான்தாம்ப்பா எழுதினேன்."

"அப்படியா?" என்றார். பிறகு, தனக்குப் புரியாத என் வார்த்தைகளை மறுபடி முதல் எழுத்திலிருந்து மெதுவாகப் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு எழுத்துக்கும் நான் இங்கிருந்து "ஆமாப்பா" சொல்லிக்கொண்டிருந்தேன்.