அது குளிக்கும் தொட்டி அல்ல

அனகாபுத்தூரில் பாழடைந்து கிடந்த தோல் பதனிடும் தொழிற்சாலையைச் சமூகக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். திறந்த வாரத்திலேயே போனேன். சுவர்களில் புதிதாக அடித்த சுண்ணாம்பின் ஈரவாசம் மூக்கில் ஏறியதும் ஆறு வயதுக்குப் போய்விட்டேன்.

அப்பா அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் ஆழத்தில் நின்று மாட்டுத்தோலைப் புரட்டுவார். மாலையில் சங்கு ஊதியதும் தெருமுனைக்கு ஓடுவேன். அவர் இரண்டடி பின்வாங்குவார்.

"கிட்ட வராத கண்ணு. ஒடம்பெல்லாம் சுண்ணாம்பு கீது."

அம்மா வாசலில் இரண்டு குடம் தண்ணீரோடு நிற்பாள். "அவ்ளோ பெரிய கம்பெனில காலு கழுவ ஒரு சொம்பு தண்ணி குடுக்க மாட்டானா?" என்று தினமும் கேட்பாள்.

"குடுத்தா நீ ஊத்துற சொகம் போயிடுமே" என்பார் அப்பா. சுண்ணாம்பில் வெந்த கால்களில் தண்ணீர் பட்டதும் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொள்வார். குளித்துத் தேங்காய் எண்ணெய் தடவிய பிறகே என்னைத் தூக்குவார். பாதி நாள் அதற்குள் நான் தூங்கியிருப்பேன்.

இப்போது அந்தத் தொட்டியில் அல்லி மிதக்கிறது. அருகே ஒரு பலகை: ‘தொழிலாளர்கள் குளித்து இளைப்பாறிய தொட்டி.’ அதில் போட்டிருந்த, தொழிற்சாலை தொடங்கிய ஆண்டும் மூடிய ஆண்டும் அப்பா சொல்லி நான் குறித்துவைத்தவற்றோடு ஒத்துப்போயின. ஆண்டுகளைத் தேடிப் பிடித்தவர்கள், அந்தத் தொட்டியில் நின்றவர்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

சுற்றிக்காட்டும் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்படியா சார்? ஆனா போர்டை ஸ்க்ரூ பண்ணிட்டாங்களே. அடுத்த வருஷம் மாத்தும்போது சொல்றேன் சார்."

"ஸ்க்ரூதானேம்மா? ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வரச் சொல்லு. நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன்.