சும்மா இருக்கத் தெரியாத கைகள்

யார் வீட்டுக்குப் போனாலும் ஹில்டிங் மேசை விளிம்பில் இருக்கும் கோப்பையை உள்ளே தள்ளி வைப்பான். முதலில் ஒரு தள்ளு, உடனே கையை எடுத்துவிடுவான். பிறகு, போதவில்லை என்பதுபோல, ஒரே விரலால் இன்னும் கொஞ்சம். பேச்சு நிற்காது, கோப்பையைப் பார்க்கவும் மாட்டான். கல்யாணமான புதிதில் எனக்கு வெட்கமாக இருந்தது. பாதிரியார் வீட்டில்கூடச் செய்தான். அவன் எழுந்துபோன மேசையில் எல்லாக் கோப்பைகளும் நடுவில் ஒண்டிக்கொண்டு நிற்கும், காற்றுக்குப் பயந்த மான்கூட்டம் மாதிரி.

என் கணவனால் உட்கார முடியாது. சாப்பிடும்போது முழங்கால் ஆடும். செய்தியை நின்றுகொண்டே பார்ப்பான். நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சுரங்க ஊரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தான். பூமிக்கடியில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பான். உடம்பு பாதியாகிவிட்டது.

"இன்னொரு வருஷம் அங்க இருந்தா சுவரைப் பிராண்ட ஆரம்பிச்சிடுவேன், டீச்சர்" என்றான். நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கோபித்தாலும் கொஞ்சினாலும் அவனுக்கு நான் டீச்சர்தான்.

அதனால் ஏரியில் கார் ஓட்டும் வேலை கிடைத்தபோது எனக்கு உயிர் வந்தது.

ஸ்வீடனின் இந்த வடகோடியில், எங்கள் ஆர்யெப்லூக்கில், குளிர்காலம் என்றால் கார்தான். ஏரி இறுகியதும் ஜெர்மன்காரர்கள் வந்துவிடுவார்கள். இன்னும் கடைக்கு வராத சொகுசு கார்கள், உருவம் தெரியாமலிருக்கக் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் ஒட்டியவை, லாரிகளில் வந்து இறங்கும். ஊரில் பாதிப்பேர் வீட்டை அவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நிலவறைக்குக் குடிபோவோம். ஏப்ரல் வரை எங்கள் படுக்கையறையில் வேறு யாரோ தூங்குவார்கள். தலைக்கு மேல் அவர்களுடைய காலடி கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் மேலே இருந்தவள் அன்னெக்ரெட். காரின் மூளையை, அதன் கணினி நிரலை, எழுதுகிற பொறியாளர். ஏரியில் ஹில்டிங்குக்கு வேலை சொல்பவளும் அவளே. அவன் அவளை 'மேல்வீட்டம்மா' என்பான். எங்கள் பக்கத்தில் ஆமாம் என்று சொல்ல வாய் திறக்கமாட்டோம். மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்போம், அவ்வளவுதான். வந்த முதல் வாரம் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்துமாவா?" என்று கேட்டாள்.

வேலை இதுதான். அந்தக் கார் யானை மாதிரி கனம். நாலு சக்கரமும் இழுக்கும், பனியில் கிளம்புவதற்கு அது உதவும். நிற்பதற்கும் வளைவதற்கும் உதவாது. கனம் கூடினால் வழுக்கலும் நீளும். உள்ளே தோல் இருக்கை இதமாகச் சுடும், சக்கரத்தடியில் பனி அரைபடுவதுகூடக் காதில் விழாது. ஓட்டுகிறவன் உணர்வதற்குள் காரின் வால் பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கும். அப்போது கார் தானாக விழித்துக்கொண்டு ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்க வேண்டும், ஸ்டியரிங்கையும் தானே திருப்பி நேராக வேண்டும். வேண்டுமென்றே வழுக்கவிட்டு அது நடக்கிறதா என்று பார்ப்பதுதான் ஹில்டிங்கின் வேலை. ஸ்டியரிங்மேல் கையைச் சும்மா வைத்துக்கொண்டு, எதுவும் செய்யாமல்.

பிப்ரவரியில் ஒருநாள் மாலை அன்னெக்ரெட் மடிக்கணினியோடு படியிறங்கி வந்தாள். நான் பன்றியிறைச்சி வைத்த உருளைக்கிழங்கு உருண்டைகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தேன். ஹில்டிங்கின் கூட்டாளி ஸ்தூரெ, அவனும் ஏரியில் ஓட்டுபவன், எங்கள் ஊர் வழக்கப்படி காபிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஹில்டிங், இதைக் கொஞ்சம் பாருங்க." திரையில் இரண்டு கோடுகள். "இந்தச் சிவப்பு, கார் தானா திருப்பினது. இந்த நீலம், நீங்க திருப்பினது."

"நான் திருப்பவே இல்லையே."

"திருப்பியிருக்கீங்க. எல்லாத் தடவையும். கார் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க பதில் சொல்லிடறீங்க."

அவன் குனிந்து பார்த்தான். நீலக்கோடு முதலில் ஒரு மேடு ஏறியது, சற்றுத் தள்ளி இன்னொரு சின்ன மேடு.

"எனக்குத் தெரியாமயே பண்ணிருக்கேன்" என்றான்.

"அதுதான் சிக்கல். இந்தக் காரை வாங்கப்போறவர் யாரு? பனியையே பார்க்காத ஒரு பெரிய மனுஷர். விடுமுறைக்கு மலைக்குப் போவார். வழுக்கினா உறைஞ்சு போய் உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்தக் கை வேணும். உங்க கை இல்ல."

"மெஷின் கை வெச்சு ஓட்டுங்களேன்" என்றான் ஸ்தூரெ.

"அதையும் வெச்சுப் பார்த்தாச்சு. கடைசிச் சோதனைக்கு மனுஷக் கைதான் வேணும்." அவள் மடிக்கணினியை மூடினாள். முகத்தில் சங்கடம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் முயற்சி பண்ணுங்க. முடியலைன்னா வேற ஆள் எடுக்கச் சொல்லியிருக்காங்க. என்னால தடுக்க முடியாது."

அவள் மேலே போனதும் ஸ்தூரெ கட்டியைக் கரண்டியால் எடுத்து மென்றான்.

"உலகத்துலயே சும்மா உட்காரச் சொல்லிச் சம்பளம் குடுக்கற ஒரே வேலைடா இது. அதையும் உன்னால செய்ய முடியல பாரு."

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

"நான் எப்பவும் உறைஞ்சுதான் உட்கார்ந்திருப்பேன். அதனாலதான் என்னைக் கம்பெனிக்குப் பிடிச்சிருக்கு."

ஹில்டிங் சிரிக்கவில்லை. ஸ்தூரெயின் கோப்பையை உள்ளே தள்ளினான், விரலால் இன்னும் கொஞ்சம். பிறகு தன் கையையே பார்த்தான். எங்கள் இருவருக்கும் சுரங்க ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. இந்த வேலையும் போனால் வேறு இடம் இல்லை.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது தீய்ந்த வாடை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஹில்டிங் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மனுஷன் நீ! பால் வழியுது!"

"தெரியுது. தொடாதே, டீச்சர். பழகிட்டிருக்கேன்."

நெற்றியில் வேர்வை. பாலை இறக்காமல் இருப்பதற்கு ஒருவன் அவ்வளவு பாடுபடுவதை நான் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உரக்கத் திட்டினேன். மேலே காலடிச் சத்தம் நின்றது, பிறகு மெதுவாக நகர்ந்தது.

அடுத்த நாள் பூனை. எங்கள் பூனைக்கு மேசைமேல் இருப்பதையெல்லாம் தட்டிவிடும் குணம். என்னுடைய நீலக் கோப்பையை விளிம்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். பூனை வந்து முகர்ந்தது, ஒரு பாதத்தால் தொட்டது, அவனைப் பார்த்தது.

"ஹில்டிங், அது என்னோட கோப்பை."

"தெரியும். வேற கோப்பைன்னா எனக்குப் பதறாது."

விழுந்து உடைந்தது. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தான். கைகள் முழங்காலைவிட்டு ஒரு விரல் அகலம் எழும்பியிருந்தன.

"எழும்பிடுச்சா?" என்றான்.

"கொஞ்சம்."

"அட கடவுளே."

அன்று இரவு அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். நானும் பரிமாறிவிட்டு உட்காராமல் நின்றுகொண்டிருந்தேன். அவனுடைய பரபரப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் வகுப்பில் பையன்களுடைய பென்சில்களை மேசை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டே நடந்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை ஸ்தூரெ வந்து சொன்னான். ஏரியில் வெளியாட்களை விடமாட்டார்கள், அவன் கரையோரம் அடுத்த காரில் முறைக்காகக் காத்திருந்தான். காற்றில்லாத நாளாம். மெருகேற்றிய பனிக்கட்டி கண்ணாடியாக மின்னியதாம். ஹில்டிங்கின் கார் வளைவுக்குள் வந்தது, வால் ஒதுங்கியது. வழக்கமாக அங்கேயே நேராகிவிடும் கார் அன்றைக்கு நேராகவில்லை. இன்னும் ஒதுங்கியது, பக்கவாட்டில் போனது, ஒரு முழுச்சுற்றுச் சுற்றி ஓரத்துப் பனிச்சுவரில் போய் மூக்கு வரை புதைந்தது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

அன்னெக்ரெட் பனிக்கட்டியில் ஓடி வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாளாம்.

"அடிபட்டிருக்கா?"

அவன் ஸ்டியரிங்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"தொடலையே? நான் தொடலையே?"

அவள் காரில் பொருத்தியிருந்த மடிக்கணினியைப் பார்த்தாள். நீலக்கோடு நேராக இருந்தது. சிவப்புக்கோடு எங்கோ தள்ளி, எல்லாம் முடிந்தபிறகு, தாமதமாக எழும்பியிருந்தது.

"நீங்க தொடல. கார்தான் தூங்கியிருக்கு" என்றாள். "எப்பவுமே தூங்கியிருக்கு, ஹில்டிங். இத்தனை நாளா அதோட தப்பையெல்லாம் நீங்கதான் மறைச்சிட்டிருந்தீங்க."

அவன் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தான். அவளுக்கு அதற்குள் அதன் அர்த்தம் பழகியிருந்தது.

அன்று மாலை அவன் நிலவறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான், காலணியைக்கூடக் கழற்றாமல். "சும்மா இருக்கறதுல அவ்வளவு சத்தம் இருக்கும்னு எனக்குத் தெரியாது, டீச்சர்" என்றான். அவன் கைகளை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

வேலை நிலைத்தது. மார்ச் முழுக்க அவனை இஷ்டப்படி ஓட்டச் சொன்னார்கள். காரின் மூளையை அணைத்துவிட்டு, வழுக்கும்போது அவன் கை எப்போது, எவ்வளவு திருப்புகிறது என்று பதிவு செய்துகொண்டார்கள். "என் கையை ஜெர்மனிக்கு அனுப்பறாங்களாம்" என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதை வைத்து என்ன செய்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.

ஏப்ரலில் இறைச்சி வாங்கிக்கொண்டு எங்கள் பழைய காரில் வந்துகொண்டிருந்தோம். வளைவில் வால் ஒதுங்கியது. ஹில்டிங் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"திருப்பு! ஐயோ, திருப்பேன்!"

திருப்பவில்லை. நிதானமாகப் போய்ப் பனிக்குவியலில் நின்றோம். இறைச்சிப் பொட்டலம் என் காலடியில் கிடந்தது.

"நம்ம வண்டிக்கு மூளை கிடையாதுங்கறதை மறந்துட்டேன்."

"உனக்கும்தான் கிடையாது" என்றேன். இருவரும் கண்ணீர் வருமளவு சிரித்தோம். பின்னால் வந்த ஸ்தூரெ கயிறு கட்டி இழுத்தான். அதை அவன் ஊருக்குள் எத்தனை முறை சொன்னான் என்பதற்குக் கணக்கில்லை.

அதற்கப்புறம் சில குளிர்காலங்கள்தான். ஹில்டிங்குக்குக் கணையத்தில் நோய் என்றார்கள். கடற்கரை நகரத்து ஆஸ்பத்திரியில், மருந்து மயக்கத்திலும் அவன் கைகள் போர்வையின்மேல் அசைந்துகொண்டே இருந்தன. இடம் கொஞ்சம், வலம் கொஞ்சம். செவிலி பிடித்து நிறுத்தப் பார்த்தாள். "விட்டுடும்மா, அவர் ஓட்டிட்டிருக்கார்" என்றேன். ஜனவரியில் அந்த அசைவு நின்றது.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் காபி கொடுத்தார்கள். ஊரே வந்திருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. எந்த மேசையைப் பார்த்தாலும் கோப்பைகள் விளிம்பில் இருந்தன. மக்கள் பேசிக்கொண்டே முழங்கையை வீசினார்கள். ஒருவரும் உள்ளே தள்ளி வைக்கவில்லை. நான் ஒன்றைத் தள்ளினேன், இன்னொன்றை. மூன்றாவது மேசையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்னெக்ரெட் பின்னாலேயே வந்தாள். "வாங்க சிக்னே, வீட்டுல விடறேன்" என்றாள்.

அந்தக் குளிர்காலமும் அவள்தான் எங்கள் மேல்வீட்டில் இருந்தாள். அவள் ஓட்டிவந்தது ஹில்டிங் ஏரியில் ஓட்டிய அதே ரகக் கார். கடைக்கு வந்துவிட்டதால் சுருள் படங்கள் இல்லை, வெறும் சாம்பல் நிறம். நான் அதில் ஏறியதே இல்லை. இருக்கை சுட்டது. வெளியே எதுவும் கேட்கவில்லை. ஏரியில் அவன் ஏன் சன்னலை ஒரு விரல் திறந்து வைத்து ஓட்டி அன்னெக்ரெட்டிடம் திட்டு வாங்கினான் என்று புரிந்தது.

எங்கள் வீட்டுக்கு இறங்கும் சரிவில், ஏரிப்பக்கம் வளையும் இடத்தில், வால் ஒதுங்கியது. அன்னெக்ரெட்டின் கைக்குள் ஸ்டியரிங் தானாக நகர்ந்தது. கொஞ்சம் சீக்கிரமாகவே, பயப்படுவதற்கு முன்பே. ஒரு தள்ளு. பிறகு, போதவில்லை என்பதுபோல, இன்னும் ஒரு துளி.

கார் நேராகிவிட்டது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை போகலாமா?" என்றேன்.

அவள் வண்டியைத் திருப்பி மேலே ஏற்றினாள். இறங்கினோம். ஒதுங்கியது, ஒரு தள்ளு, இன்னும் ஒரு துளி. மறுபடி ஏறினோம். வீட்டு வாசலில் ஸ்தூரெ எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டு, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் கையை விரித்தான்.

மூன்றாவது முறை வளைவு வந்தபோது அன்னெக்ரெட் ஸ்டியரிங்கின்மேல் விரல்களை வெறுமனே கிடக்கவிட்டாள், பனியையே பார்க்காத அந்தப் பெரிய மனுஷரைப் போல.